நான் கேட்காமல் விட்ட வேலை

என் செல்லப் பிள்ளைக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனதிலிருந்து உன்னோடு கதைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு தரம் போனைக் கையில் எடுத்தேன். ஆனால் நான் சொல்ல நினைப்பது போனில் சொல்லி முடிகிற கதை அல்ல. நடுவிலே நீ "ஐ நோ அம்மா, ஐ நோ" என்பாய். நானும் சரி விடு என்று, என்ன சமைத்தாய் என்று கேட்கத் தொடங்கிவிடுவேன். கடிதமென்றால் நீ குறுக்கே கதைக்க முடியாது. அதனால்தான் இன்று ஒருநாள் லீவு போட்டுவிட்டு, அப்பா வேலைக்குப் போனபிறகு, குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்தில் வந்துவிடக்கூடிய பிள்ளைக்கு முத்திரை ஒட்டிக் கடிதம் அனுப்புகிற தாய் ரொறன்ரோவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரிப்பதென்றால் சிரி. ஆனால் கடைசிவரை வாசி.

அன்று நீ சொன்னதெல்லாம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ரெண்டரை வருசமா அந்த ரீமுக்கு எல்லாம் நான்தான் செய்தனான். ஜெனிபர் வந்து ஒன்பது மாசம். இப்ப அவள் ரீம் லீடராம், நான் அவளுக்கு றிப்போட் பண்ண வேணுமாம். கான் யூ பிலீவ் இற்? இந்த மாசக் கடைசியிலை வேலையை விடுறன் எண்டு லெற்றரைக் குடுத்திட்டு வெளிக்கிடப்போறன்." அப்பா தன் வழக்கப்படி, "அவசரப்படாதை பிள்ளை. உன்ரை வேலையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இரு, உனக்குரியது தானா வரும்" என்றார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "நீங்கள் ஏன் அம்மா ஒண்டும் சொல்லாமல் இருக்கிறீங்கள்?" என்று கேட்டாய். நான் உன் சோற்றுக்கு மேலே இன்னும் ஒரு அகப்பை சொதியை ஊற்றினேன். அதுதான் உனக்குக் கோபம் வந்த இடம் என்று எனக்குத் தெரியும். என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லாமல் நான் பேசாமல் இருக்கவில்லை. சொல்ல இருந்தது என்னைப் பற்றியது, அதுவும் நல்ல விதமானது அல்ல. அப்பாவுக்கே அதில் பாதிதான் தெரியும்.

நீ பதினோராம் வகுப்புப் படிக்கும்போது நான் அந்தப் பக்ரறியில் வேலைக்குச் சேர்ந்தேன். அஜின்கோர்ட்டுக்கு அந்தப் பக்கம், யன்னலே இல்லாத நீளமான கட்டிடம். தீப்பிடித்தால் மணி அடிக்கிற அலாரப் பெட்டிகளுக்குள் வைக்கிற சின்னச் சின்ன மின்சுற்றுப் போர்டுகளை நாங்கள் செய்தோம். என் விரல் நுனிகளில் சூடுபட்ட தழும்புகளை நீ எண்ணிப் பார்த்து அழுதது உனக்கு ஞாபகம் இருக்கலாம். உண்மையில் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஈயத்தை உருக்கி ஒட்டும்போது அது மினுங்கிக்கொண்டு சரியான இடத்தில் போய் உட்காரும் பார், அதிலே ஒரு திருப்தி. ஒரு வருடத்துக்குள் அந்த மேசையில் என்னைவிட வேகமாகவும் சுத்தமாகவும் செய்ய ஆள் இல்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. கதை விளங்குவதற்கு நீ இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஊரில் நான் ஒன்பது வருடம் கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் கிளாக்காக இருந்தவள். அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை இருந்தது. முன்னுக்கு இருக்கிறவர் பென்சனில் போனால் அடுத்தவர் ஒரு கதிரை தள்ளி உட்காருவார், அவ்வளவுதான். மேலதிகாரியிடம் போய் எனக்கு அந்த இடத்தைத் தாருங்கள் என்று கேட்பவரை, காலைப் பிடிக்கிற ஆள் என்று நாங்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நக்கல் அடிப்போம். ஒழுங்கான மனிதர் கேட்கமாட்டார், அவருக்குத் தேடி வரும். பிளேன் ஏறும்போது உன்னையும் தம்பியையும் இரண்டு சூட்கேசுகளையும் கொண்டுவந்தேன் என்றுதான் நினைத்தேன். அந்தக் கந்தோர்ப் புத்தியையும் கொண்டுவந்திருக்கிறேன் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் சேர்ந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு மெர்லின் வந்தாள். ட்ரினிடாட்காரி. நீ அவளை ஒருதரம் பார்த்திருக்கிறாய், எங்கள் கிறிஸ்மஸ் பார்ட்டியில் உனக்குக் கேக் வெட்டித் தந்தவள். வந்த புதிதில் அவளுக்குக் கை நடுங்கும். ஈயம் உருக்குகிற சூட்டுக்கோலை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு நேரம் வைப்பது என்பதெல்லாம் அவளுக்குப் பக்கத்தில் இருந்து காட்டிக் கொடுத்தது நான். அவளிடம் எனக்குப் பிடிக்காத ஒன்று இருந்தது. எல்லாவற்றையும் வாய்விட்டுக் கேட்பாள். எங்கள் மனேஜர் வோல்ற்றர் அந்தப் பக்கம் வந்தால், இந்த வரைபடத்தில் இந்தக் கோடு என்ன, இந்த எழுத்து என்ன என்று அவரை நிறுத்திவைத்துக் கேட்பாள். பாவம், அந்த மனிதனை ஏன் இவள் இப்படிக் கரைச்சல்படுத்துகிறாள் என்று நான் நினைப்பேன். எனக்கும் அந்த வரைபடம் விளங்காது. ஆனால் நான் கேட்கவில்லை. மாதிரிக்கு வைத்திருக்கும் போர்டைப் பார்த்துச் செய்துகொண்டு போனேன்.

அந்த வருடம் எங்கள் மேசைக்குப் பொறுப்பாக இருந்த லைன் லீடர் வேலையை விட்டுப் போனாள். வந்துபோகிற நேரத்துக்கு அட்டை அடிக்கிற மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டினார்கள். லைன் லீடர் தேவை, விருப்பமானவர்கள் கந்தோரில் பெயர் கொடுக்கவும், ஒரு வாரம் அவகாசம். நான் காலையில் வரும்போது ஒருதரம், பின்னேரம் போகும்போது ஒருதரம் அந்தத் தாளை வாசித்தேன். வோல்ற்றர் என்னைக் கூப்பிடுவார் என்று எனக்கு நூறு வீதம் நிச்சயம். வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் நேரே என் மேசைக்கு வந்து நின்றார். நான் சூட்டுக்கோலைக் கீழே வைத்தேன். "அந்த ட்ரே முடிஞ்சுதோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். திங்கட்கிழமை மெர்லினை லைன் லீடர் என்று அறிவித்தார்கள்.

பிள்ளை, உன் வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும் என்று சொன்னால் நம்பு. அன்று பஸ்ஸில் வரும்போது கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வந்தேன். வீட்டில் அப்பாவிடம் சொன்னபோது உனக்குச் சொன்னதையே எனக்கும் சொன்னார், பேசாமல் இரு, வரும் என்று. நான் பேசாமல்தான் இருந்தேன். மூன்று கிழமை மெர்லினோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் "குட் மோர்னிங்" சொன்னால் எனக்குக் காது கேட்காது. வேலையையும் மெதுவாகச் செய்தேன். இதுவரைக்கும் என்னை மன்னிக்கலாம். இனிச் சொல்லப்போவதைத்தான் நான் ஒருவருக்கும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

புதிதாக ஒரு மொடல் போர்ட் வந்தது. வரைபடத்தைப் பார்த்து முதல் மாதிரியைச் செய்து எங்கள் முன்னால் வைத்தது மெர்லின். அதிலே அரிசி அளவில் ஒரு சின்ன உருளை, அதன் ஒரு நுனியில் வெள்ளைக் கோடு. கோடு எந்தப் பக்கம் வரவேண்டும் என்பது முக்கியம், மாறிவிட்டால் போர்ட் வேலை செய்யாது. எனக்கு வரைபடம் விளங்காவிட்டாலும் மூன்று வருடக் கைப்பழக்கம் இருந்தது. மாதிரியைப் பார்த்தவுடனேயே கோடு மாறிப் போயிருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. மெர்லின் எனக்கு ஐந்தடி தூரத்தில் நின்றாள். நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. நீதானே லீடர், நீயே பார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அது மட்டுமல்ல, பிழை என்று தெரிந்துகொண்டே அன்று முழுக்க என் கையால் ஒட்டினேன். ஒவ்வொன்றையும் மினுங்க மினுங்க, அழகாக ஒட்டினேன்.

பின்னேரம் பின்பக்கத்து மேசையில் சோதித்துப் பார்த்தபோது ஒரு போர்டிலும் விளக்கு எரியவில்லை. எல்லாவற்றையும் கழற்றித் திரும்ப ஒட்டவேண்டி வந்தது. அடுத்தநாள் அனுப்ப வேண்டிய ஓர்டர். வோல்ற்றர் எல்லாருக்கும் முன்னால் மெர்லினைப் பார்த்துக் கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் அதற்கு முதல் கண்டதில்லை. நாங்கள் அட்டை அடித்துவிட்டு வெளிக்கிட, அவள் ஒருத்தி மட்டும் மேசையில் குனிந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பஸ் ஏறினேன்.

அடுத்தநாள் காலை உடுப்பு மாற்றுகிற அறையில் மெர்லின் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னது என் மனதில் எங்கள் தமிழில்தான் பதிந்திருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"நீ கண்டனீ, என்ன?"

நான் மேலங்கியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினேன்.

"எனக்கு இந்த வேலையைப் பழக்கினது நீ. ஒரு போர்டைப் பார்த்த உடனை பிழையைச் சொல்லுற ஆள் நீ. நேற்று உன்ரை கண்ணிலை அது படேல்லை எண்டு என்னை நம்பச் சொல்லாதை."

"நீதானே லீடர்" என்றேன்.

"ஓம். நான் போய்ப் பேர் குடுத்தனான். நீ பேர் குடுத்திருந்தால் நான் குடுத்திருக்கமாட்டன். வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருந்தனான்" என்றாள். பிறகு தலைமுடியைத் துணியால் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் கோபத்தோடு நிம்மதியாக இருந்திருப்பேன்.

மத்தியானம் நான் வோல்ற்றரின் அறைக்குப் போனேன். அத்தனை வருடத்தில் நானாக அந்தக் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை. பிழையை நான் காலையிலேயே கண்டேன், சொல்லவில்லை என்றேன். இருந்த ஆங்கிலத்தில் சொன்னேன், இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அந்த வேலையை எனக்குத் தருவீர்கள் என்று இருந்தேன் என்றேன். அந்த மனிதன் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "உனக்கு அது வேணுமெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? ஒரு கிழமை தாள் ஒட்டியிருந்தது. நீ வரேல்லை. வீடு, பிள்ளையள் எண்டு இருக்கிறாய், பொறுப்பு வேண்டாம் எண்டு நினைக்கிறாய் போலை எண்டு விட்டிட்டன். கேக்காத ஆளை நான் எப்பிடிக் கூப்பிடுறது?" என்றார். பிறகு ஒரு எச்சரிக்கைக் கடிதம் எழுதி என்னுடைய பைலில் வைத்தார். அதற்கு நான் கையெழுத்துப் போட்டேன். எல்லாரையும் கூப்பிட்டு, பிழை மெர்லினுடையது மட்டும் அல்ல என்றும் சொன்னார். அன்று என் முகத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருடம் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த மூன்று வருடத்தைத்தான் நீ உன் கண்ணால் பார்த்தாய். சனிக்கிழமைகளில் நான் ஆங்கில வகுப்புக்குப் போகத் தொடங்கியபோது, "பஸ்ஸுக்கும் கடைக்கும் உங்கடை இங்கிலீஷ் காணும்தானே அம்மா" என்று கேட்டாய். பஸ்ஸுக்கும் கடைக்கும் அல்ல, வாய் திறந்து கேட்பதற்காகப் போனேன். வரைபடம் வாசிக்க எனக்குப் பழக்கியது யார் என்று நினைக்கிறாய்? மெர்லின்தான். அவளிடம் போய் மன்னிப்புக் கேட்ட அன்றே, வரைபடம் காட்டித் தருவாயா என்றும் கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. அவள், "மூண்டு வருசம் பிந்திக் கேக்கிறாய்" என்று சிரித்தாள். சாப்பாட்டு நேரத்தில் அவளுடைய சான்ட்விச்சில் பாதி எனக்கும் என் புட்டில் பாதி அவளுக்குமாக, ஒவ்வொரு கோடாகக் காட்டித் தந்தாள். லீவில் அவள் போன நாட்களில் நான் மாதிரி செய்து வைத்தேன். புதிதாக வருகிறவர்களுக்கு நான் பழக்கினேன். முதல் எல்லாம், எனக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டால் என் இடம் போய்விடும் என்று ஒரு பயம் இருந்தது. நடந்தது வேறு. என் மேசையில் நான் இல்லாமலே வேலை நடக்கும் என்று வந்தபிறகுதான், என்னை அந்த மேசையிலிருந்து எழுப்பலாம் என்று மற்றவர்களுக்கும் தோன்றியது.

மெர்லினின் புருஷனுக்கு ஒஷாவாவில் வேலை கிடைத்து, அவர்கள் அங்கே வீடு மாற வெளிக்கிட்டபோது திரும்பவும் அந்தத் தாளை ஒட்டினார்கள். ஒட்டி அரை மணித்தியாலத்தில் நான் பெயர் கொடுத்தேன். இன்டர்வியூவில் வோல்ற்றரும், போகப்போகிற லீடர் என்று மெர்லினும் இருந்தார்கள். ஒன்றிரண்டு கேள்விக்குப் பிறகு மெர்லின் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்டாள். "உனக்குக் கீழை வேலை செய்யிற ஒருத்தி, பிழையைக் கண்டும் சொல்லாமல் இருந்தால் நீ என்ன செய்வாய்?"

வோல்ற்றர் குனிந்து தன் பேனையைப் பார்த்தார். "நான் அப்பிடிச் செய்தனான்" என்றேன். "அவளைக் கூப்பிட்டு இருத்தி, செய்தது பிழை எண்டு சொல்லுவன். பிறகு, உனக்கு என்ன வேணும் எண்டு கேப்பன். என்னை ஒருத்தரும் அப்பிடிக் கேக்கேல்லை. நானும் ஆரிட்டையும் சொல்லேல்லை."

ஐந்து நாள் கழித்து அந்த வேலை எனக்குக் கிடைத்தது. அன்று நான் சமோசா வாங்கிக்கொண்டு வந்ததும், நீ என்னைத் தூக்கிச் சுற்றப் பார்த்து இரண்டு பேரும் சோபாவில் விழுந்ததும் உனக்கு நினைவிருக்கும். அந்தச் சமோசாவுக்குப் பின்னால் இவ்வளவு இருந்தது.

கிடைத்தபிறகு எல்லாம் சுகமாகப் போனது என்று நினைக்காதே. எங்கள் லைனில் சறோ அக்கா இருந்தா, மன்னார் ஆள், என்னைவிடப் பத்து வயது மூத்தவ. அவவுடைய வேலையில் பிழை வந்தால் எனக்குச் சொல்ல நா எழாது. வயதில் மூத்தவவை எப்படிப் பிழை என்பது? அவ சாப்பிடப் போகும்போது ஒளித்து ஒளித்து நானே திருத்தி வைப்பேன். ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டா. "என்னை ஏலாதவள் எண்டு நினைச்சியோ? பிழையெண்டால் பிழையெண்டு முகத்துக்கு நேரை சொல்லு. உப்பிடி ஒளிச்சுத் திருத்தினால் நான் எப்ப பிள்ளை பழகுறது?" என்று கேட்டா. இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பெரிய மரியாதை செய்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அவவுக்கு அவமானமாக இருந்திருக்கிறது. அதையும் அந்தக் கதிரையில் இருந்துதான் கற்றுக்கொண்டேன்.

இப்போது உன் விசயத்துக்கு வருகிறேன். அன்று சொதி ஊற்றாமல் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அந்த வேலை உனக்கு வேணும் என்று நீ ஆரிட்டையாவது சொன்னனீயோ? சொல்லியிருந்தால், சொல்லியும் தராமல் விட்டார்கள் என்றால், அது வேறு கதை. எங்கள் நிறத்தையும் பெயரையும் பார்த்துத் தராமல் விடுகிற இடங்களும் இந்த ஊரில் உண்டு. அதை இல்லையென்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன். ஆனால் அது அப்படித்தானா என்று தெரிய வேண்டுமென்றாலும் நீ முதலில் போய்க் கேட்க வேண்டும். கோபம் ஆறியபிறகு போ. இந்த இரண்டரை வருடத்தில் நீ என்னென்ன செய்தாய் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ, அவர்களுக்கு அது நினைவிருக்கும் என்று இருந்துவிடாதே. எனக்குத் தராததற்கு என்ன காரணம், அடுத்தமுறை தருவதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று நேரே கேள். சொல்கிற பதில் நேர்மையாக இருந்தால் இரு. மழுப்பினால் வேறு இடம் பார்த்துக்கொண்டு லெற்றரைக் கொடு, நானே முத்திரை வாங்கித் தருகிறேன். அப்பா சொன்ன மாதிரி பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. அவர் அன்பில் சொல்கிறார். அவரும் அந்தப் பழைய வரிசையில்தான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார், பாவம்.

அந்த ஜெனிபர் ஏதாவது பிழை விட்டு, அது உன் கண்ணில் பட்டால், உடனே போய்ச் சொல்லிவிடு. அவளுக்காக வேண்டாம். பிழையைக் கண்டும் சொல்லாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வருகிற அந்தப் பயணம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். அது உனக்கு வேண்டாம்.

கடைசியாக, அப்பாவுக்கும் இன்னும் சொல்லாத ஒன்று. வோல்ற்றர் ஓய்வு பெறப் போகிறார். அவருடைய இடத்துக்குத் தாள் ஒட்டியிருக்கிறார்கள். கொலிஜில் படித்த இரண்டு இளம் பொடியங்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நானும் கொடுத்திருக்கிறேன். ஐம்பத்திமூன்று வயதில் இவளுக்கு ஏன் இந்த ஆசை என்று நீ நினைப்பாயோ தெரியாது. கிடைக்காது என்றுதான் எனக்குப் படுகிறது, ஆனாலும் எனக்கு அது வேண்டும். வேண்டும் என்பதை வெளியில் சொல்லிவிட்டேன், அதனால் மனம் லேசாக இருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இன்டர்வியூ. எனக்குச் சரியான பயம், பிள்ளை. அதற்கு முதல்நாள், வியாழக்கிழமை, உன் வேலை முடிந்து நேரே இங்கே வா. நீ மனேஜர் மாதிரி இந்த மேசைக்கு அந்தப் பக்கம் இரு. உன்னுடைய வேகமான இங்கிலீஷில், அம்மா என்று பார்க்காமல், கஷ்டமான கேள்வியாகக் கேள். நான் தடுமாறினால் நீ எடுத்துக் கொடுக்காதே. நானே சொல்லி முடிக்கும்வரை பொறுத்திரு.

உன் அம்மா